வராத விமானத்துக்குக் காவல்

நம் வயதுக்காரிகளுக்கு இது சொல்லாமலே புரியும். பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆகிவிட்டால், அவள் குளியலறையில் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தாலே நாம் வாசலில் போய் நிற்போம். "என்னாச்சு கண்ணு?" என்று கதவைத் தட்டுவோம். ஒன்றும் ஆகியிருக்காது. சோப்பு நுரையில் விளையாடிக்கொண்டிருப்பாள். என் மகளுக்கே சலித்துப்போய்விட்டது. "ஒண்ணுமில்லம்மா, போ" என்று உள்ளிருந்தே கத்துகிறாள்.

என் பயம் அவள் உடம்பைப் பற்றியது மட்டுமில்லை. அவள் பெரியவளானதும் வீட்டில் நடக்கப்போகும் சீரைப் பற்றியது. யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது, மாமன் முறையை யார் செய்வது, அதில் யார் முகம் கறுக்கும். உங்கள் வீடுகளில் இது சந்தோஷமாக நடந்திருக்கலாம். என் சீரில் நடந்தது வேறு. அதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். அம்மா இன்னும் இருக்கிறாள், அப்பாவும் இருக்கிறார். எழுதுவது சரிதானா என்று இந்த வரியை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது திருப்பூரில் எங்கள் வீடு மாடியில், பனியன் கம்பெனி கீழே. நீங்களும் அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே. சோற்றில்கூடப் பஞ்சு கிடக்கும். அம்மா ரசத்தை ஊற்றுவதற்கு முன் கரண்டியால் மேலே மிதப்பதை ஒதுக்கிவிட்டுத்தான் ஊற்றுவாள். தையல் மெஷின்கள் ஓடும்போது மாடித் தரை லேசாக அதிரும். அந்த அதிர்வு நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும்.

எனக்கு இரண்டு மாமன்கள். ஒருவர் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, மூலனூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். ராணுவத்தில் இருந்தார். நான் அவரைப் பட்டாளத்து மாமா என்பேன். இன்னொருவர் அம்மாவின் பெரியப்பா மகன். வீரபாண்டியில் சாயப்பட்டறை வைத்திருந்தார். அவர் சாயப்பட்டறை மாமா. எங்கள் கம்பெனித் துணியெல்லாம் அவரிடம்தான் சாயத்துக்குப் போகும்.

நம் பக்கத்தில் காடு தோட்டம் உள்ளவர்கள் பட்டாளத்துக்குப் போவது அபூர்வம். அதனால் மாமா லீவில் வந்தால் அவரைக் கிண்டல் செய்வதற்கென்றே ஒரு கூட்டம் சேரும். என் சீருக்கு முந்தைய தீபாவளி லீவிலும் அப்படித்தான். கட்டிங் டேபிளின் ஓரத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். அப்பா நாற்காலியில். சாயப்பட்டறை மாமா நின்றபடியே ஆரம்பித்தார்.

"ஏப்பா, இத்தன வருசத்துல எத்தன ப்ளேனச் சுட்டிருப்ப?"

"ஒண்ணுகூட இல்லீங்கண்ணா."

"ஒண்ணுகூட இல்லியா? அப்பறம் கவர்மெண்டு உனக்கு எதுக்குச் சோறு போடுது?"

மாமா விமானப் படையில் இல்லை. தரையிலிருந்து மேலே பார்த்துச் சுடும் வான் பாதுகாப்புப் படையில் இருந்தார். விமானத் தளம், பாலம், அணை, இப்படி எதிரி குண்டு போட நினைக்கும் இடங்களைச் சுற்றிப் பீரங்கியோடு காத்திருப்பதுதான் வேலை. இந்த வித்தியாசத்தை அவர் ஒவ்வொரு லீவிலும் சொல்வார். ஒவ்வொரு லீவிலும் இவர்கள் மறந்திருப்பார்கள்.

"நாங்க நிக்கறமுன்னு தெரிஞ்சா அவன் வரமாட்டானுங்கண்ணா. அவன் வரலீன்னா எங்க வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

"நல்லா இருக்குதே நாயம்! எம் பட்டறையில ஒருத்தன் சாயமே போடாம நின்னுட்டு, நா நிக்கறதாலதான் துணி கெடாம இருக்குதுன்னு சொன்னா நா உடுவனா?"

கட்டிங் மாஸ்டரிலிருந்து எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மறுபடியும் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில், உலகப் போர் வந்தபோது, துறைமுகங்கள் மேலும் ஊர்கள் மேலும் குண்டு விழுந்துவிடும் என்ற பயத்தில் இந்தப் படைக்கு முதன்முதலில் ஆள் சேர்த்தார்களாம். பிறகு வெகுகாலம் பெரிய பீரங்கிப் படைக்குள்ளே ஒரு கிளையாக இருந்ததாம். "நா சேந்து சில வருசம் கழிச்சுத்தான் எங்களத் தனியாப் பிரிச்சாங்க" என்றார்.

அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. "ஓ, பாகப் பிரிவினையா! உங்களுக்கு என்ன பங்கு வந்துது மாப்ளே?"

"அவங்களுக்குத் தரை, எங்களுக்கு வானமுங்க மாமா."

"வானத்துல என்னப்பா வெளையும்?" என்றார் சாயப்பட்டறை மாமா.

அதற்குக் கிடைத்த சிரிப்பில் ஓவர்லாக் மெஷின்கள்கூட ஒரு நிமிடம் நின்றன. டீத் தூக்கோடு வந்த அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த லீவில்தான் மாமா எனக்கு ஒரு கட்டு அட்டை கொடுத்தார். சீட்டுக்கட்டைவிடப் பெரியவை, ஓரமெல்லாம் நைந்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு விமானத்தின் கறுப்பு நிழல் மட்டும் இருக்கும். கீழிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. நிறம் கிடையாது, கொடி கிடையாது. எது நம்முடையது, எது அவர்களுடையது என்று நிழலை வைத்தே கண்டுபிடிக்க வேண்டுமாம். எனக்கு எல்லாம் ஒரே பருந்துபோலத் தெரிந்தன.

"சுடறதுக்கு ரொம்ப நேரம் ஆவாது அம்மிணி. சுடாம இருக்கறதுதான் பாடு. நம்முளுதையே சுட்டுட்டா அப்பறம் அழுது என்ன பண்றது?" என்றார்.

அந்த அட்டைகள் இப்போது இல்லை. ஒரு நாள் பேக்கிங்கில் அட்டை தீர்ந்துபோக, யாரோ அலமாரியிலிருந்து என் கட்டை எடுத்து டி-சர்ட்டுகளுக்குள் வைத்து மடித்துவிட்டார்கள். ஜெர்மனியில் யாரோ ஒருவர் புதுச் சட்டையைப் பிரித்தபோது உள்ளே ஒரு போர் விமானம் இருந்திருக்கும். என்ன நினைத்தாரோ.

அந்த டிசம்பரில் பார்லிமெண்ட் தாக்கப்பட்ட பிறகு எல்லைக்குப் படைகள் போனது உங்களுக்கும் நினைவிருக்கும். டி.வி.யில் எந்நேரமும் ரயிலில் ஏற்றப்பட்ட டாங்கிகள். எல்லோருடைய லீவையும் நிறுத்திவிட்டார்கள். மாமா ராஜஸ்தானில் எங்கோ ஒரு விமானத் தளத்தைச் சுற்றிப் போட்டிருந்த பீரங்கி ஒன்றின் பக்கத்தில் இருந்தார். எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சித்திரையில் நான் பெரியவள் ஆனேன். மாடியில் சாமி அறை இருந்ததால் என்னைக் கீழே துணி குடோனில் உட்கார வைத்தார்கள். சாயத்துக்குப் போக வேண்டிய துணி அங்கே ரோல் ரோலாக அடுக்கியிருக்கும். சாயம் போடாத துணிக்கு ஒரு வாசனை உண்டு, எண்ணெயும் பச்சைப் பருத்தியும் கலந்து. அந்த வாசனையோடு பாயில் படுத்துக் கிடந்தேன். அடுத்த பக்கம் அப்பாவின் ஆபீஸ். நடுவில் ஒரு ப்ளைவுட் தடுப்புதான். ஃபோனில் பேசுவது அத்தனையும் கேட்கும்.

முதல் ஃபோனை அம்மா எடுத்தாள். மாமாவுக்கு எப்படியோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து கூப்பிட்டிருந்தார்.

"சாமி, நல்லா இருக்கியா? தண்ணியெல்லாம் கெடைக்குதா?... ஆமா, உம் மருமவ உக்காந்துட்டா. லட்சுமியாட்ட இருக்கறா... அதெல்லாம் நீ கவலப்படாத. நீ வராம சீரு இல்ல. எத்தன மாசம் ஆனாலும் ஆவட்டும். எனக்கு இருக்கறது நீ ஒருத்தன்."

அழுதுகொண்டே சிரித்தாள். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் துணி ரோலில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

அப்பாவுக்கு அப்போது வேறு ஒரு தலைவலி இருந்தது. அது நியாயமானதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதுவரை மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுத்தவர், முதல்முறையாகத் தன் பெயரிலேயே வெளிநாட்டு ஆர்டர் எடுத்திருந்தார். துணி தயார், சாயம் ஏறவில்லை. சீசனில் பட்டறைத் தொட்டிகள் காலியாக இருப்பதில்லை. யார் துணி முதலில் இறங்குகிறதோ அவர்தான் கப்பலைப் பிடிப்பார். தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவுக்குக் கம்பெனியையே மூடிவிடலாம். என் பாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நின்றது அந்தத் துணிதான்.

ஒரு நாள் சாயப்பட்டறை மாமா வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் குரல் கணீரென்று கேட்டது.

"அவன் எப்ப வர்றது, நீங்க எப்ப சீர் வெக்கறது? நானும் மாமந்தானுங்களே. பெரியப்பன் மகன்னா ரத்தம் வேறயா? வைகாசியில வெச்சிருங்க. ஊரே பாக்கற மாதிரி நா செய்யறேன்."

அப்பா ஏதோ மெதுவாகச் சொன்னார்.

"அட, துணியப் பத்தி நீங்க என்னத்துக்கு ரோசன பண்றீங்க? முறை செய்யற ஊட்டுத் துணிய நா வரிசையில நிறுத்துவனா? நாளைக்கே வண்டி அனுப்பறேன்."

மறுநாள் வண்டி வந்தது. என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு ரோல்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போனார்கள். குடோன் காலியாகி, பேசினால் எதிரொலித்தது. அதனால்தானோ என்னவோ, இரண்டாவது ஃபோன் இன்னும் தெளிவாகக் கேட்டது. அதை அப்பா எடுத்தார்.

"சொல்லுங்க மாப்ளே... அப்படிங்களா... இல்லீங்க, ஆவணி வரைக்கும் தள்ள முடியாதுங்க. மண்டபம் சொல்லியாச்சு... நீங்க கேக்கறது நாயந்தான், நா இல்லீங்கல... அக்காகிட்டக் குடுக்கலாமுங்க, அவ கோயலுக்குப் போயிருக்கறா. நானே சொல்லிக்கறேன். நீங்க அங்க நல்லபடியாப் பாத்துக்குங்க."

அம்மா கோயிலுக்குப் போகவில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஃபோனை வைத்தார். அப்புறம் திரும்ப டயல் செய்து, வைகாசியில் மண்டபம் கிடைக்குமா என்று யாரிடமோ கேட்டார்.

மத்தியானம் அம்மா தட்டைக் கொண்டுவந்து நிலைப்படியில் வைத்தபோது சொன்னேன். "மாமா ஃபோன் பண்ணுனாங்கம்மா. ஆவணிக்குத் தள்ளி வெக்கச் சொன்னாங்க போல. அப்பாதான் முடியாதுன்னுட்டாரு. நீங்க கோயலுக்குப் போயிட்டீங்கன்னும் சொன்னாரு."

அம்மா தட்டின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. காலியான குடோனை ஒரு சுற்றுப் பார்த்தாள். துணி இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது.

"உங்கப்பா என்கிட்டச் சொல்லிட்டாரு. மாமன் வரமாட்டேன்னுட்டானாமா" என்றாள்.

"இல்லம்மா, நா கேட்டேன்..."

"நீ ஒண்ணும் கேக்கல. மாமன் வரமாட்டேன்னுட்டான். சோறு ஆறுது, உண்ணு."

அவள் என்னை நம்பவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். சிறு பிள்ளை எதையோ தப்பாகக் கேட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள் என நினைத்தேன். கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் தப்பாகக் கேட்டேனோ?

வைகாசியில் சீர் நடந்தது. தாம்பாளங்கள் மண்டப வாசலிலிருந்து மேடை வரை வந்தன. சாயப்பட்டறை மாமா எனக்கு மாலை போட்டார். அவர் வாங்கி வந்த பட்டு அரக்கு நிறம். கழுத்தெல்லாம் வியர்வையில் சாயம் இறங்கியது. உறவுக்காரப் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள், "சொந்த மாமன் எங்கீங்க?"

"வரமாட்டேன்னுட்டானுங்க. பட்டாளந்தான் பெருசுன்னுட்டான்."

"சண்ட கிண்ட வந்துருச்சுங்களா?"

"எங்க வந்துது? சும்மா வானத்தப் பாத்துட்டு நிக்கறானாமா."

அன்று தொடங்கி அந்த வாக்கியத்தை அம்மா எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டாள். சொல்லச் சொல்ல அவளுக்கு அது இன்னும் சரளமாக வந்தது.

கார்த்திகையில் படைகள் திரும்பின. சண்டை வரவில்லை. மாமா காவல் நின்ற தளத்தின் மேல் ஒரு விமானமும் வரவில்லை. லீவு கிடைத்ததும் அவர் அத்தையோடு வேன் பிடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். டீ நேரம். கம்பெனி ஆட்களெல்லாம் வெளியே நின்றிருந்தார்கள். மாமா வெயிலில் கருகிப்போயிருந்தார். உதடு வெடித்திருந்தது. அத்தை தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். தேங்காய், பழம், வெல்லம், மஞ்சள், பச்சை நிறப் பட்டு ஒன்று. சாயப்பட்டறை மாமா அப்பாவோடு ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார்.

அம்மா படியிறங்கி வந்தாள். கடைசிப் படியில் நின்றுகொண்டாள்.

"யாரு வரச் சொன்னா?"

"நாந்தாங்க்கா வந்தேன். மருமவளுக்கு முறை செய்யோணுமில்ல."

"முறை முடிஞ்சுது. செய்யற மாமன் செஞ்சுட்டாரு. ஒத்தப் புள்ள சீருக்கு வரமாட்டேன்னு சொன்னவன், இப்ப எதுக்குத் தட்டத் தூக்கிட்டு வர்ற?"

ஒரு மாமன் செய்துவிட்ட பிறகு அதே சீருக்கு இன்னொரு மாமனின் தட்டை வாங்கினால், முதலில் செய்தவருக்கு அவமானம். நம் வீடுகளில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும்.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "அவரு எப்பங்க வரமாட்டேன்னு சொன்னாரு? ஃபோன்ல உங்க ஊட்டு அண்ணன்கிட்ட..."

மாமா கையை லேசாகத் தூக்கினார். அத்தை நிறுத்திக்கொண்டாள். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கையிலிருந்த டி-சர்ட்டின் கழுத்துத் தையலை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயப்பட்டறை மாமா வேனின் நம்பரைப் படித்தார். மாமா பிறகு அக்காவைப் பார்த்தார். மேலே போவது நம்முடையதா, அவர்களுடையதா என்று பார்க்கிறவர்போல வெகுநேரம் பார்த்தார்.

"ஆமாங்க்கா" என்றார். "நாந்தான் வரல."

தட்டுகள் வேனுக்குத் திரும்பின. டீக்கு நின்ற கூட்டத்திலிருந்து யாரோ, "மிலிட்டரி ஆர்டர் ரிட்டர்ன் ஆயிருச்சுடோய்" என்றார்கள். சிரித்தார்கள். மாமா என்னைத் தேடி, நான் நின்ற மாடி ஜன்னலைப் பார்த்தார். நான் கையசைத்தேன். அம்மா படியேறி வந்து ஜன்னலைச் சாத்தினாள்.

அதன்பிறகு மூலனூரோடு பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை. என் கல்யாணத்துக்கும் சொல்லவில்லை. சாயப்பட்டறைகளைக் கோர்ட் மூடச் சொன்ன வருடம் சாயப்பட்டறை மாமா வேறு மாநிலத்துக்குப் போனவர்தான், பிறகு எங்களை விசாரிக்கவில்லை. படிப்பு முடிந்த பிறகு மாமா இருந்த படையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அவர் அன்றைக்குக் கட்டிங் டேபிளில் உட்கார்ந்து சொன்னதெல்லாம் சரிதான். அந்தப் படையின் காவல் பலித்துவிட்டால் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. எரியாத விமானத் தளத்தை யார் போய்ப் பார்ப்பார்கள்?

போன மார்கழியில் மாமா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. காலையிலேயே அம்மாவையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். பந்தலைக் கண்டதும் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். மாமாவின் மேல் விழுந்து ஒப்பாரி வைத்தாள்.

"எம் பொறந்தவனே, ஒத்தப் புள்ள சீருக்கு ஓடி வராமப் போனியே... வரமாட்டேன்னு சொன்ன வாயி இன்னைக்கு மூடிக் கெடக்குதே..."

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அத்தை தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். கையைத் தூக்கி நிறுத்த இப்போது மாமா இல்லை. இருந்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்ற அவள் மகன், என் அம்மாவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

திரும்பி வரும்போது தாராபுரம் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து என் மகள் பாட்டியிடம் கேட்டாள். "அம்மாயி, அந்தத் தாத்தா ஏன் அம்மா சீருக்கு வரல?"

அம்மா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.

"வந்தாரு கண்ணு" என்றேன் நான். சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "தள்ளி வெக்கச் சொல்லிக் கேட்டாரு. தள்ளி வெக்கல. அப்பறமும் வந்தாரு."

அம்மா எரிந்து விழுவாள் என்று பயந்தேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "நீ சொன்ன அன்னிக்கே தெரியும். ஃபோன் வந்தப்ப நா மொட்டமாடியில நின்னுட்டிருந்தேன். கோயலுக்குப் போனேன்னு உங்கப்பா எதுக்குச் சொல்லோணும்?"

"தெரிஞ்சுமா அவரத் திருப்பி அனுப்புனீங்க?"

"பொறவு? எம் புருசன் பொய் சொன்னாருன்னு நாலு பேர் முன்னால சொல்லிட்டு நா எந்த ஊட்ல போயிப் பொழைக்கறது? யாரு மேலயாவது போடோணுமில்ல. அவன் தாங்குவான். உங்கப்பா தாங்கமாட்டாரு."

காற்றாலைகள் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருந்தன. மகள் அவற்றை எண்ண ஆரம்பித்துவிட்டாள். வண்டியை ஓரம் கட்டலாமா என்று யோசித்து, கட்டாமலே ஓட்டினேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு அம்மாவே பேசினாள். "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கோடிக்கு மூலனூருக்குச் சொல்லியுட்ரு."

ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டிய கடைசிச் சேலை அது. அது வராமல் உடலை எடுக்கமாட்டார்கள்.

"எந்த முகத்தோடம்மா அவங்களக் கூப்புடறது?"

"முகம் என்னத்துக்கு? ஒரு ஃபோன் போட்டுச் சொன்னாப் போதும். அவம் பையன் எடுத்துட்டு வந்துருவான்." அம்மா சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். "அந்த ஊட்டு ஆளுக வராம இருக்கமாட்டாங்க."

சொல்லிவிட்டு, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.